எவர்சில்வரா, நிக்கலா? பேஸ் கம்பியின் சட்டையைக் கழற்றிப் பார்த்தோம்!

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், அடக்கிவைக்க முடியவில்லை. கடையில் “நிக்கல் செட் குடுங்க” என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த பேஸ் கிட்டார்க் கம்பியில் நிக்கல் பேருக்குத்தான் இருக்கிறது! பெரும்பாலான பாக்கெட்டுகளில் வருவது இரும்புக் கம்பியேதான். மேலே ஒரு நிக்கல் முலாம், வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 8 சதவீதம். எதிர் அணியில் மார்தட்டி நிற்கும் எவர்சில்வர் கம்பியை உரித்தாலும் உள்ளே அதே எஃகு நரம்பு. பேஸ் வாசிப்பவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் கிளாஸ் ஆறும்வரை நடக்கும் இந்தச் சண்டை முழுக்க முழுக்கச் சட்டையைப் பற்றியது. உடம்பு ஒன்றுதான்.

நம்பிக்கை இல்லையா? வாருங்கள், அறுத்தே பார்த்துவிடலாம்.

மேசை விளக்குக்குக் கீழே ஒரு பழைய ஈ கம்பி. நான்கில் தடித்தது இதுதான். பாக்கெட்டில் 105 என்று போட்டிருந்தால் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 105 பங்கு என்று பொருள். நம் கணக்கில் 2.67 மில்லிமீட்டர். ஒரு முனையில் குட்டிப் பித்தளை வளையம், மறுமுனையில் கிளிப்பச்சையோ ரத்தச்சிவப்போ பட்டு நூல் சுற்று. நடுவில் கட்டிங் பிளேயரை வைத்து ஒரே அழுத்து. டக்! நுனியைக் குறட்டால் பிடித்து இழுத்தால் மேல் சுற்று சுருள் சுருளாகக் கழன்று வருகிறது. அய்யோ, அது முடிவதாகவே இல்லை! முழங்கையளவு கம்பியிலிருந்து உருவிய சுருள் மேசையைத் தாண்டித் தரையில் விழுகிறது. அதற்கு அடியில் இன்னும் மெல்லிய இன்னொரு சுற்று. அதையும் உருவினால்தான் நடுவில் இருக்கும் நரம்பு கண்ணில் படும். ஊசி மாதிரி ஒல்லி. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் வழவழவென்று உருளாமல் தடுக்கித் தடுக்கி உருள்கிறது. ஆறு பட்டை! அந்த ஆறு மூலைகளும்தான் மேலே சுற்றிய கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தவை.

உருண்டையான நரம்பும் உண்டு. அதற்குப் பக்தர்கள் தனி; கம்பி இன்னும் குழைவாக வளைகிறது, சத்தம் இன்னும் உருண்டையாக வருகிறது என்பார்கள். ஆனால் அதில் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். நீளம் அதிகமாக இருக்கிறதே என்று அப்படியே வெட்டினீர்களோ, போச்சு. கவ்வ மூலை இல்லாததால் மேல் சுற்று தளர்ந்து, உள்ளே எங்கோ வழுக்கி, கம்பி பொத்தென்று செத்த குரலில் பேசும். முதலில் வெட்டவேண்டிய இடத்துக்கு முன்னால் ‘எல்’ மாதிரி மடக்கி, பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டவேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். யார் படிக்கிறோம்?

கம்பி பிறக்கும் இடத்தில் நடப்பது இதைவிட வேடிக்கை. நரம்பின் இரண்டு முனைகளையும் கொக்கியில் மாட்டி விறைப்பாக இழுத்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழற்றுகிறார்கள். மேல் கம்பி ஒரு பக்கத்திலிருந்து ஒரே சீரான இழுவிசையில் வந்து ஏறிக்கொண்டே போகிறது. இழுவிசை கொஞ்சம் குறைந்தால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழும். கூடினால் நரம்பே முறுக்கேறிப்போகும். இரண்டுமே சுருதிக்குக் கேடு. ஆக, உங்கள் கம்பி நன்றாகப் பேசுவதற்கு முலாம் மட்டும் காரணமல்ல. சுற்றிய கை, அல்லது சுற்றிய எந்திரத்தின் நிதானம், பாதிக் காரணம். இதைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் யாரும் பெரிதாகப் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சமையலறைக்கு ஓடி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்து வாருங்கள். ‘18/8’ முத்திரை குத்திய எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் ஒட்டாது, வழுக்கி விழும். அதே காந்தத்தை எவர்சில்வர் பேஸ் கம்பியில் உருவிய மேல் சுருளிடம் கொண்டுபோனால் பச்சக்! காரணம் கேட்டால் தலை சுற்றும். 18/8 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்த நிக்கல் இரும்போடு கலந்து உருகி, உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. காந்தத்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. கம்பிக்காரர்கள் எடுப்பது நிக்கலைச் சேர்க்காமல் குரோமியத்தை மட்டும் நம்பும் ரகம். அதாவது, நிக்கல் கம்பி என்று பேர் வாங்கியதில் 8 சதவீதம் நிக்கல். நாம் தினமும் காபி குடிக்கும் டம்ளரிலும் 8 சதவீதம் நிக்கல்! ஒன்றில் மேலே பூசியிருக்கிறது, மற்றதில் உள்ளே கரைந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காந்தம் ஒட்டுவது ஏன் முக்கியம்? எலக்ட்ரிக் பேஸில் கம்பிகளுக்குக் கீழே பிக்அப் இருக்கிறது: காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பியும். மேலே கம்பி ஆடும்போது காந்தப் புலம் கலைகிறது, செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஆம்ப்புக்குப் போகிறது. பிக்அப்புக்குக் காது கிடையாது. டம்ளர் ரகத்து எவர்சில்வரில் கம்பியை முழுக்கச் செய்து மாட்டினால், நீங்கள் உயிரைக் கொடுத்து வாசித்தாலும் ஆம்ப் ஏறக்குறைய ஊமையாகத்தான் நிற்கும்.

சரி, இந்த எவர்சில்வர் யோசனை எப்படி உள்ளே நுழைந்தது? இங்கேதான் மேடைக்குப் பின்னால் போகிறோம்.

1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸை வெளியிட்டபோது, ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து தோள் இற்றுப்போனவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் சத்தம் மட்டும் அந்தப் பழைய பெரிய மரப்பெட்டி போலவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் கம்பியின் மேல் சுற்று தட்டையான நாடாவாக இருந்தது. தடவினால் வழவழ, தட்டினால் ‘தும்’. மணியோசை கிடையாது, கேட்டவரும் கிடையாது. டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டூடியோவின் ஜேம்ஸ் ஜேமர்சன் இந்தத் தட்டைக் கம்பியை வைத்துத்தான் அறுபதுகளின் அமெரிக்காவையே ஆடவைத்தார். 1962 ப்ரெசிஷன் பேஸ், லா பெல்லா கம்பி, அதில் தடித்தது 110, வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். கம்பி அறுந்தால் மட்டும் மாற்றுவார்! அழுக்கேறிக் கருத்த அந்தக் கம்பிகள்தான் ரேடியோவில் நாட்டையே தட்டி எழுப்பின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனில் ஜான் என்ட்விசிலுக்கு இந்த ‘தும்’ போதவில்லை. ‘தி ஹூ’ குழு. பக்கத்தில் கீத் மூன் டிரம்ஸை நொறுக்குகிறார், முன்னால் பீட் டவுன்ஷெண்ட் கிட்டாரையே நொறுக்குகிறார். நடுவே ‘தும்’ என்றால் யாருக்குக் கேட்கும்? 1965இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் அவருக்கு பேஸ் சோலோவே கொடுத்தார்கள். பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்க ஒல்லிக் கம்பி வேண்டும் என்று டானெலெக்ட்ரோ பேஸ் ஒன்றை வாங்கினார். கம்பி அறுந்தது. லண்டனில் அதற்கு மாற்றுக் கம்பி கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கம்பிக்காக இன்னொரு பேஸையே வாங்கினார்! அதிலும் அறுந்தது. மறுபடி இன்னொரு பேஸ். கடைசியில் அலுத்துப்போய் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வாசித்ததுதான் நாம் ரெக்கார்டில் கேட்பது. ராக் இசையின் புகழ்பெற்ற முதல் பேஸ் சோலோக்களில் ஒன்று, வாசித்தவர் நினைத்த சத்தத்தில் இல்லை.

பிறகுதான் ஜேம்ஸ் ஹௌ கதைக்குள் வருகிறார். எஞ்சினியர், இசைப் பைத்தியம். ‘தி தேர்ட் மேன்’ படத்தில் ஆன்டன் காரஸ் வாசித்த ஸிதர் இசையில் மயங்கி, அந்த வாத்தியத்துக்குக் கம்பி கிடைக்காமல், கம்பி சுற்றும் எந்திரத்தைத் தானே செய்தவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரோட்டோசவுண்ட் என்ற கம்பி கம்பெனி. 1966இல் என்ட்விசில் தன் பேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். இருக்கிற கம்பிகளில் தடித்தவை சரியாக அதிர்வதில்லை என்பது அவருடைய புகார். சுற்றிப் பார்ப்பது, மாட்டிப் பார்ப்பது, கழற்றிவிட்டு மறுபடி சுற்றுவது என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வந்தது உருண்டைக் கம்பி சுற்றிய எவர்சில்வர் செட்; ஸ்விங் பேஸ் 66 என்ற பெயரில் இன்றும் கடையில் தொங்குகிறது. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையர், ரஷ் குழுவின் கெடி லீ என்று அதை மாட்டியவர்களின் பட்டியல் நீளம். 1970 பிப்ரவரியில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவான ‘தி ஹூ’வின் ‘லைவ் அட் லீட்ஸ்’ கேட்டுப்பாருங்கள். பேஸ் இனி மூலையில் நிற்காது என்று அங்கே முடிவாகிவிட்டது. அந்தக் கச்சேரிக் காலத்தில் என்ட்விசில் கையில் இருந்த வாத்தியத்தின் பெயர் ஃபிராங்கன்ஸ்டைன். உடைந்த பல பேஸ்களின் உதிரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. மனிதர் எதையும் வீணாக்கவில்லை!

இனி காதுக்கு வருவோம். புது எவர்சில்வர் செட்டை மாட்டி ஈ கம்பியைச் சுண்டினால் அடியில் 41 ஹெர்ட்ஸ் உறுமுகிறது. அதற்கு மேலே 82, 124, 165 என்று ஏணி ஏணியாக மேற்சுரங்கள் அடுக்கி எழும்பி, உச்சியில் ஒரு ‘ணங்’. நிக்கல் முலாமில் அதே ஏணிதான், உச்சிப் படிகள் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். நிக்கல் மிருதுவான உலோகம்; ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில், மோதும்போதும் விரல் உரசும்போதும் அந்த மிருது தெரிகிறது. எவர்சில்வர் கடினம். விரலை நகர்த்தினால் கிறீச், சறுக்கினால் இன்னும் பெரிய கிறீச். கட்டை விரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் ஆசாமிகளுக்கு அந்தக் கடினம்தான் சர்க்கரைப் பொங்கல். மார்கஸ் மில்லர் வருடக்கணக்காக எவர்சில்வர் கம்பியில் அறைந்தவர். நிக்கல் முலாமிலும் ஸ்லாப் வராமல் இல்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஃப்ளீ துள்ளித் துள்ளி அறைந்தது ஜிஹெச்எஸ் பூமர்ஸ் என்ற நிக்கல் முலாம் கம்பிகளைத்தான்.

போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்த உச்சிப் படிகள் எவ்வளவு முக்கியம் தெரியுமா? உங்கள் போனின் பொத்தான் அளவு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைப் பேசவே முடியாது. நாம் கேட்பது மேற்சுரங்களை மட்டும். அடிச்சுரம் இருந்திருக்கவேண்டும் என்று மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளைப் பேருந்தில், பக்கத்து சீட்டுக்காரரின் ஓட்டை போனில் கேட்டும் நாம் கூடவே முணுமுணுக்கிறோமே, பாதிப் பாட்டை நம் மண்டைதான் வாசிக்கிறது!

எவர்சில்வரின் வில்லத்தனத்தையும் சொல்லவேண்டும். சாதாரண ஃப்ரெட்டுகள் நிக்கல் சில்வர் என்ற கலவையில் செய்தவை (செம்பு, துத்தநாகம், நிக்கல், வெள்ளி மருந்துக்கும் கிடையாது, இந்தத் தொழிலில் பேர் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது). கடினமான கம்பி அதை அரம்போல் அராவுகிறது. அடிக்கடி அழுத்தும் இடங்களில் சில வருடங்களில் பள்ளம் விழும். நிக்கல் முலாம் கம்பியிலும் விழும், மெதுவாக. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்டே இல்லாத ஜாஸ் பேஸில் எவர்சில்வர் கம்பியை மாட்டினார். இரும்புச் சுருள் நேரடியாக மரத்தில் ஊர்ந்தால் என்ன ஆகும்? மரம் சிதைந்தது. மனிதர் படகுக்குப் பூசும் எபாக்சியை வாங்கி விரல்பலகை முழுக்கக் கண்ணாடிபோல் பூசிவிட்டார்! 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பேஸ் மனிதக் குரல்போல ‘ம்வா’ என்று பாடுகிறதே, அதில் அந்தப் படகுப் பூச்சுக்கும் பங்கு உண்டு.

இத்தனைக்கும் பிறகு ஒரு குண்டு. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கும் குதிரைப் பாய்ச்சல் பேஸ் ‘கிளாங் கிளாங்’ என்று இரும்புப் பட்டறையாக ஒலிக்கும். எவர்சில்வர் உருண்டைச் சுற்று என்று யாரும் சத்தியம் செய்வார்கள். இல்லவே இல்லை, தட்டைச் சுற்று! அதுவும் மோனெல், நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். ஜேமர்சனின் பாட்டிக்காலக் கம்பிக்கு உடன்பிறப்பு. ஆனால் ஜேமர்சன் அறுந்தால்தான் மாற்றினார். ஹாரிஸ் கச்சேரிக்குக் கச்சேரி புது செட் மாட்டி, ஃப்ரெட்டில் மோதும்படி விரலால் சாத்துகிறார். எனக்கு இந்த ஒன்று போதும். கம்பி என்ன உலோகம் என்பதைவிட, அது எத்தனை நாள் கிழம், எந்த விரல் அடிக்கிறது என்பதுதான் காதில் முதலில் விழுகிறது.

கிழமாவது எப்படி என்று கிட்டப்போய்ப் பார்த்தால் கொஞ்சம் குமட்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள இடுக்கில் வியர்வை, தோல் துகள், எண்ணெய்ப்பசை எல்லாம் போய் அடைகின்றன. கம்பியின் நுண்ணிய நடுக்கங்களை அந்தச் சேறு விழுங்கிவிடுகிறது. முதலில் போவது ‘ணங்’. சென்னையின் மே மாத ரிகர்சல் அறையில் (ஏசி வேலை செய்யாது, அது மரபு) இதெல்லாம் இரண்டு மடங்கு வேகம். நிக்கல் முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் சாதாரண இரும்பு வியர்வையைக் குடித்துக் கறுக்கிறது. எவர்சில்வருக்கு இங்கே கை ஓங்குகிறது. சேறு அதிலும் அடையும், துரு லேசில் ஏறாது.

அதனால்தான் பேஸ்காரர்கள் கம்பியைச் சமைக்கிறார்கள். ஆமாம், சமைக்கிறார்கள்! பேஸ் வாசிக்கும் தம்பி ஒருவன் வீட்டில் நானே பார்த்தேன். வட்டமாகச் சுருட்டிய நாலு கம்பிகள் கொதிக்கிற பாத்திரத்தில் குதித்துக்கொண்டிருந்தன, தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கியிருந்தது. அவன் அம்மா எட்டிப்பார்த்து, “இன்னிக்கு ரசம் நீயே வெச்சுட்டியாப்பா?” என்றார். “பத்து நிமிஷம்மா, அப்புறம் துடைச்சு வெயில்ல வெச்சா புதுசு.” “பாத்திரத்தையும் புதுசா வாங்கிக் குடுத்துடு.” என்னிடம் திரும்பி, “அண்ணே, ரெண்டு கச்சேரி தாங்கும்ணே” என்றான். தாங்கியது, உண்மையிலேயே. ஈரத்தை முழுக்கத் துடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் நரம்பு துருப்பிடிக்கும். இதைவிட நேர்த்தியானவர்கள் நீளக் குழாயில் ஸ்பிரிட் ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். அது குபுக்கென்று பற்றிக்கொள்ளும் சமாச்சாரம், சமையலறைப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

சரி, எதை வாங்குவது? என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முதல் செட் நிக்கல் முலாம், 45 முதல் 105. எந்தக் கச்சேரியிலும் பாட்டை இடிக்காது, விரலுக்கும் ஃப்ரெட்டுக்கும் இதம். ஸ்லாப் பித்து தலைக்கேறியவர்களும், இரண்டு கிட்டார்களுக்கு நடுவே சத்தம் தொலைந்துபோகிறவர்களும் எவர்சில்வருக்குத் தாவலாம். கூச்சல் அதிகமென்றால் டோன் நாபைக் கொஞ்சம் திருகி அடக்கலாமே. இல்லாத ‘ணங்’கை எந்த நாபாலும் வரவழைக்க முடியாது. விரல்நுனி சிவந்து அரிக்கிறது என்றால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அது பலருக்கு உண்டு. அவர்களுக்கு எவர்சில்வரைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். தூய நிக்கல் சுற்றிய செட்டும் கிடைக்கிறது. விலை கூட, குரல் இன்னும் பழைய காலத்துக்குப் போகும். அது ஆசைக்கு வாங்குவது.

மாற்றும்போது எண்களை மட்டும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் பளு சுமார் 80 கிலோ, ஓர் ஆளின் எடை! 105க்குப் பழகிய கழுத்தில் ஸ்லாப் வித்தகர் மார்க் கிங் மாதிரி 30 முதல் 90 வரையிலான ஒல்லி செட்டைத் திடீரென்று மாட்டினால், கழுத்து நிமிர்ந்து கம்பியெல்லாம் ஃப்ரெட்டில் கரகரக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் தளர்த்தவேண்டிவரும். கழற்றிய பழைய செட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேடையில் நடுப்பாட்டில் ஒன்று அறுந்து, அந்த இடத்தில் பளபளவென்று புதுக்கம்பி ஒன்றை மாட்டினால், மூன்று கிழவர்கள் நடுவே ஒரு பையன் கத்துவதுபோல அது மட்டும் தனியாகக் கேட்கும். அந்த நேரத்துக்குப் பையில் சுருட்டி வைத்த பழையதுதான் உதவும்.